ஷிபாய்கனின் இரண்டு பாதிகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் ஷிபாய்கன் என்றொரு ஊர் இருக்கிறது. ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் வாழும் நகரம். பிராட்வர்ஸ்ட் என்ற சாசேஜுக்குப் பேர்போனது. 2011 வரை ஊர் முழுவதும் ஒரே சட்டமன்றத் தொகுதிக்குள், 26ஆவது தொகுதிக்குள், இருந்தது. ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்த ஊர். அந்த ஆண்டு ஊரின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. ஒரு பாதி 26லேயே நின்றது, மறுபாதி 27க்குப் போனது. இரண்டு பாதியோடும் சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்த்தார்கள். அந்தக் கிராமங்களோ குடியரசுக் கட்சிக்கு வாக்களித்துப் பழகியவை. 2012 தேர்தலில் இரண்டு தொகுதிகளையும் குடியரசுக் கட்சி எடுத்துக்கொண்டது. ஊர்க்காரர்கள் யாரும் கட்சி மாறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த வேலைக்குப் பெயர் தொகுதி மறுவரையறை. சில ஆண்டுகளாக நம் செய்திகளிலும் அடிபடுகிற சொல்தான். ஆனால் நாம் போடுகிற சண்டை வேறு: எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்பது. அமெரிக்காவில் அதை ஒரு சூத்திரம் முடித்துவிடுகிறது. பிரதிநிதிகள் சபையில் மொத்தம் 435 இடங்கள், பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைப்படி பங்கு. அடிதடியெல்லாம் அதற்கு அடுத்த கட்டத்தில்தான். மாநிலத்துக்குள் கோட்டை எங்கே போடுவது? இந்தியாவில் அதைச் செய்வது உச்ச நீதிமன்றத்தின் இந்நாள் அல்லது முன்னாள் நீதிபதி ஒருவரின் தலைமையிலான ஆணையம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் அதைச் செய்வது சட்டமன்றமே. அதாவது அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறவர்களே தங்கள் தொகுதியின் எல்லையை மசோதாவாகக் கொண்டுவந்து, விவாதித்து, கைதூக்கி நிறைவேற்றிக்கொள்கிறார்கள். ஆளுநர் கையெழுத்துப் போட்டால் சட்டம். (அங்கே ஆளுநர் என்றால் நம்மூர் ராஜ்பவன்காரர் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் முதல்வர் என்றே வைத்துக்கொள்ளலாம்.)

பழக்கம் பழையது. 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் கெர்ரி, தன் கட்சிக்குத் தோதாக வரைந்த மாநில மேலவைத் தொகுதிகளுக்கு ஒப்புதல் தந்தார். அதில் ஒரு தொகுதி வளைந்து நெளிந்து ஒரு பிராணியைப் போலக் கிடந்தது. பாஸ்டன் பத்திரிகை ஒன்று அதற்கு இறக்கையும் நகமும் வரைந்து, சாலமாண்டர் என்ற பிராணியின் பெயரையும் கெர்ரியின் பெயரையும் ஒட்டி ‘கெர்ரிமாண்டர்’ என்று பெயர் சூட்டியது. அந்த ஆண்டு கெர்ரி ஆளுநர் தேர்தலில் தோற்றார். அவர் கட்சி மேலவையில் தோற்கவில்லை. கோடு வேலை செய்த விதம் அப்படி.

நூற்றைம்பது ஆண்டுகள் இது பெரிய வழக்காகவே ஆகவில்லை. அதைவிட முரட்டுத்தனமான ஒரு வித்தை புழக்கத்தில் இருந்தது: கோட்டைத் தொடாமலேயே விட்டுவிடுவது. டென்னசி மாநிலம் 1901இல் வரைந்த தொகுதிகளை அறுபது ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தது. அலபாமாவில் சுமார் 15,000 பேர் வாழ்ந்த ஒரு கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) மேலவையில் ஓர் உறுப்பினர். 6 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த கவுண்டிக்கும் ஓர் உறுப்பினர். ஜனங்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள், இடங்கள் கிராமத்திலேயே உட்கார்ந்திருந்தன. 1962இலும் 1964இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகள்தான் இதை உடைத்தன. ஒருவருக்கு ஒரு ஓட்டு, தொகுதிகளில் மக்கள்தொகை ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. நல்ல தீர்ப்புகள், சந்தேகமில்லை. அதன் பக்கவிளைவு ஒன்றுதான் வேடிக்கை. பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லா மாநிலங்களும் கட்டாயமாகக் கோடு போட்டாக வேண்டும் என்றானது. கோடு போடுகிறவர்களுக்குப் பத்தாண்டுக்கு ஒரு வாய்ப்பு.

வித்தை எப்படி என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு தெருவில் பதினைந்து வீடுகள். ஒன்பது வீடு பச்சைக் கட்சி, ஆறு வீடு மஞ்சள் கட்சி. ஐந்து ஐந்து வீடாக மூன்று வார்டு பிரிக்க வேண்டும், பேனா மஞ்சள்காரர் கையில். முதல் வார்டில் ஐந்து பச்சை வீடுகளை ஒன்றாக அடைத்துவிடுகிறார். அந்த வார்டு பச்சைக்கு, ஐந்துக்குச் சுழியம். மீதி நான்கு பச்சை, ஆறு மஞ்சள். அடுத்த இரண்டு வார்டிலும் இரண்டு பச்சை, மூன்று மஞ்சள் என்று உடைத்துப் போடுகிறார். இரண்டும் மஞ்சளுக்கு. பதினைந்தில் ஆறே வீடு வைத்திருக்கும் கட்சிக்கு மூன்றில் இரண்டு வார்டு. கள்ள ஓட்டு கிடையாது, பெட்டி மாற்றம் கிடையாது, மக்கள்தொகையும் துல்லியமாகச் சமம். அடைப்பதும் உடைப்பதும், இவ்வளவுதான் முழு வித்தையும். ஷிபாய்கனில் நடந்தது உடைப்பு.

இதைப் பதினைந்து வீட்டுக்கு மனக்கணக்காகச் செய்யலாம். 57 லட்சம் பேருக்குச் செய்ய கணினி வேண்டும், பழைய தேர்தல் முடிவுகள் வேண்டும், பூட்டிய அறை ஒன்றும் வேண்டும். விஸ்கான்சினில் மூன்றும் இருந்தன. 2010 தேர்தலில் ஆளுநர் பதவி, கீழவை, மேலவை மூன்றையும் குடியரசுக் கட்சி பிடித்தது. மறு ஆண்டு புதிய வரைபடம் சட்டமன்றக் கட்டடத்தில் தயாராகவில்லை. மாடிசன் நகரில், அந்தக் கட்டடத்துக்கு எதிரே இருந்த ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் அறையில் தயாரானது. உள்ளே போக அனுமதி வெகு சிலருக்கு. கட்சியின் உறுப்பினர்களை ஒவ்வொருவராக அழைத்தார்கள். ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவரவர் தொகுதியை மட்டும் காட்டினார்கள். முந்தைய தேர்தல்களில் அந்தப் புதிய எல்லைக்குள் கட்சிக்கு எவ்வளவு விழுந்திருக்கும் என்ற எண்ணும் பக்கத்தில் இருந்தது. இந்த விவரமெல்லாம் பின்னால் வழக்கு நடந்தபோது வெளியே வந்தது. வெளியில் பேசப்படுவதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்றும், பத்தாண்டு கழித்து இந்த அவையில் யார் இருப்பார்கள் என்பதை இந்த வரைபடமே தீர்மானிக்கும் என்றும் பொருள்படும் பேச்சுக்குறிப்பும் அந்த ஆவணங்களில் இருந்தது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, யாரும் கவனிக்காத இன்னொரு சின்னச் சட்டம். அதுவரை விஸ்கான்சினில் வரிசை கீழிருந்து மேலே போகும். நகராட்சிகளும் கிராமங்களும் முதலில் தங்கள் வார்டுகளை வரையும். அந்த வார்டுகளைச் செங்கல்லாக வைத்து மாநிலம் சட்டமன்றத் தொகுதியைக் கட்டும். 2011இல் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். மாநிலம் முதலில் தன் கோட்டைப் போடும், உள்ளூர்கள் தங்கள் வார்டுகளை அதற்கு ஏற்றாற்போல் சரிசெய்துகொள்ள வேண்டும். கேட்பதற்கு அலுவலக நடைமுறை மாதிரித்தான் இருக்கிறது, செய்தித்தாளின் ஏழாம் பக்கத்துக்குக்கூட வராது. ஆனால் செங்கல்லையே இஷ்டத்துக்கு உடைத்துக்கொள்ளலாம் என்றான பிறகு, எந்தச் சுவரையும் எங்கேயும் எழுப்பலாம்.

பலன் உடனே தெரிந்தது. 2012இல் ஒபாமா அந்த மாநிலத்தில் ஏறக்குறைய 7 சதவீத வித்தியாசத்தில் வென்றார். கீழவைக்கான மொத்த ஓட்டில் குடியரசுக் கட்சிக்குக் கிடைத்தது 48.6 சதவீதம், கிடைத்த இடங்கள் 99இல் 60. 2018இல் ஜனநாயகக் கட்சியின் டோனி எவர்ஸ் ஆளுநரானார். மாநிலம் முழுவதும் ஓட்டுக் கேட்கும் எல்லாப் பதவிகளையும் அந்தக் கட்சியே பிடித்தது. கீழவையிலோ 63க்கு 36 என்று குடியரசுக் கட்சி அசையாமல் நின்றது. பல தொகுதிகளில் ஒரே கட்சிதான் வேட்பாளர் நிறுத்தியது என்பதால் மொத்த ஓட்டுக் கணக்கை அப்படியே நம்பிவிட முடியாது. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் இடைவெளி மிச்சம் இருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஜனநாயகக் கட்சியின் ஓட்டு மில்வாக்கி, மாடிசன் என்ற இரண்டு நகரங்களில் குவிந்து கிடக்கிறது. யாரும் அடைக்காமலே தாங்களாக அடைந்துகொண்டவர்கள். எந்த நோக்கமும் இல்லாமல் ஒருவர் கோடு போட்டாலும் வரைபடம் கொஞ்சம் குடியரசுக் கட்சிப் பக்கம்தான் சாயும். 2011 வரைபடத்தை ஆதரித்தவர்கள் இதைத்தான் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் நிலமே சாய்ந்திருக்கிறது என்றால், அதன்மேல் கூடுதலாகச் சாய்க்க எதற்குப் பூட்டிய அறை?

இப்படி அமைந்த சட்டமன்றம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இரண்டு காட்சி போதும். 2018 டிசம்பரில், எவர்ஸ் பதவியேற்க இன்னும் சில வாரங்கள் இருக்கும்போது, புதிய ஆளுநரின் அதிகாரங்களைக் குறைக்கும் சட்டங்களை அவசரக் கூட்டத்தில் நிறைவேற்றினார்கள். 2019 நவம்பரில் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றி விவாதிக்க எவர்ஸ் சிறப்புக் கூட்டம் கூட்டினார். மேலவையில் சுத்தியலைத் தட்டிக் கூட்டத்தைத் தொடங்கினார்கள், உடனே தட்டி முடித்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தொகுதி பத்திரமாக இருக்கும்போது எதிர்க்கட்சிக்காரரின் ஓட்டு எதற்கு வேண்டும்? அந்த உறுப்பினருக்கு இருக்கும் ஒரே பயம் சொந்தக் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்வுதான். அதில் இன்னும் காரமாகப் பேசுகிறவர் ஒருவர் கிளம்பிவிடக் கூடாது.

நீதிமன்றங்கள் என்ன செய்தன? ஓய்வுபெற்ற சட்டப் பேராசிரியர் வில்லியம் விட்ஃபோர்டும் வேறு சில வாக்காளர்களும் போட்ட வழக்கில் 2016இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று வரைபடம் செல்லாது என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது: தங்கள் சொந்தத் தொகுதியில் தங்களுக்கு என்ன பாதிப்பு என்று வழக்குப் போட்டவர்கள் நிரூபிக்கவில்லை என்பது காரணம். 2019 ஜூனில் கதவே சாத்தப்பட்டது. வட கரோலினா வழக்கில் 5க்கு 4 என்ற தீர்ப்பு. கட்சி லாபத்துக்காகக் கோடு போடுவது நியாயமற்றதாக இருக்கலாம், ஆனால் எவ்வளவு போனால் அதிகம் என்று அளக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களிடம் அளவுகோல் இல்லை, மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றது பெரும்பான்மை. அந்த வழக்கில் வட கரோலினா குடியரசுக் கட்சித் தலைவர் ஒருவர் எதையும் மறைக்கவே இல்லை. 13 தொகுதிகளில் 10 தங்களுக்கு வரும்படி வரையலாம் என்கிறேன், ஏனென்றால் 11 வரும்படி வரைய முடியுமென்று தோன்றவில்லை என்று குழுக் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார். மறைத்தால்தான் குற்றம் என்பது போய், வெளிப்படையாகச் சொல்வதே பாதுகாப்பு என்றாகிவிட்டது. இன ரீதியாகப் பிரித்தால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு நிற்கும், கட்சி ரீதியாகப் பிரித்தேன் என்றால் நிற்காது.

அதே நாளில், அதே தீர்ப்பில் இன்னொரு வழக்கும் முடிந்தது. அது மேரிலாந்து வழக்கு. அங்கே கோட்டைப் போட்டது ஜனநாயகக் கட்சி. இல்லினாய்சிலும் அவர்களே. இதை ஒரு கட்சியின் பாவமாக எழுதினால் படிக்கிறவரை ஏமாற்றுவதாகும். பேனா கிடைத்த இடத்திலெல்லாம் இரண்டு கட்சியும் எழுதியிருக்கின்றன.

கட்சியே குறுக்கே இல்லாத இடத்திலும் இது நடக்கிறது என்பதற்கு உள்ளாட்சிகளைப் பார்க்கலாம். சிகாகோ மாநகராட்சியில் 50 வார்டு. தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, வெல்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ஜனநாயகக் கட்சிக்காரர்கள். 2012இல் வார்டுகளை மாற்றி வரைந்தபோது, மேயரோடு ஒத்துப்போகாத ஒரு கவுன்சிலரின் இரண்டாவது வார்டை அப்படியே தூக்கி நகரின் வேறு பக்கத்தில் வைத்துவிட்டார்கள். ஆள் இருந்த இடத்திலேயே இருந்தார். வார்டுதான் குடிபெயர்ந்தது.

இதைவிட விசித்திரமானது ஐயோவா மாநிலத்தின் அனமோசா. ஐந்தாயிரம் சொச்சம் பேர் வாழும் சிற்றூர், அதற்குள் ஒரு பெரிய மாநிலச் சிறை. மக்கள்தொகைக் கணக்கில் கைதிகள் சிறையிருக்கும் இடத்திலேயே எண்ணப்படுகிறார்கள். ஊரின் இரண்டாவது வார்டில் சுமார் 1,300 கைதிகள். சிறைக்கு வெளியே வாழ்ந்தவர்கள் எல்லாரையும் சேர்த்தால் அறுபது பேர்கூட இல்லை. 2005 நகர்மன்றத் தேர்தலில் அந்த வார்டுக்கு யாருமே மனுப் போடவில்லை. வாக்குச்சீட்டில் பெயர் எழுதிப் போடலாம் என்பது அங்கே வழக்கம். ஒருவருக்கு இரண்டு ஓட்டு விழுந்தது, ஒன்று மனைவி போட்டது, இன்னொன்று பக்கத்து வீட்டுக்காரர். ஜெயித்துவிட்டார். கெட்ட எண்ணத்தோடு யாரும் இதை வரையவில்லை. சமமான மக்கள்தொகை என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடித்ததில் வந்தது. ஊர் பிறகு வார்டு முறையையே கைவிட்டு, எல்லாரையும் மொத்த ஊரும் தேர்ந்தெடுக்கட்டும் என்று மாற்றிக்கொண்டது.

அதே ஐயோவாதான் இந்த விஷயத்தில் மற்றவர்கள் உதாரணமாகக் காட்டும் மாநிலமும். 1980இல் வந்த சட்டப்படி அங்கே கோட்டைப் போடுவது கட்சி சாராத அரசு ஊழியர்கள். யார் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவர், இப்போதைய உறுப்பினர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்ற விவரத்தை அவர்கள் பயன்படுத்தக் கூடாது. சட்டமன்றம் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லலாம். மிச்சிகனில் 2018இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி 13 பேர் கொண்ட குடிமக்கள் ஆணையம் அமைத்தார்கள்: இரு கட்சிக்கும் நான்கு நான்கு பேர், எந்தக் கட்சியும் சாராதவர் ஐந்து பேர், விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில். விஸ்கான்சினிலும் இதைக் கேட்டார்கள். மொத்தம் 72 கவுண்டிகள், அவற்றில் பாதிக்கு மேற்பட்ட கவுண்டிகளின் வாரியங்கள் கட்சி சாராத மறுவரையறை வேண்டும் என்று தீர்மானம் போட்டன. ட்ரம்ப்புக்கு வாக்களித்த கவுண்டிகளும் அதில் உண்டு. சட்டமன்றம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள அதற்கு என்ன தலைவலி?

கடைசியில், 2011 வரைபடத்தை ஒட்டியே 2022இல் வந்த விஸ்கான்சின் வரைபடம் விழுந்தது. எப்படி விழுந்தது என்பதுதான் இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற இடம்.

அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள், மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டப்படி அந்தத் தேர்தலுக்கும் கட்சி கிடையாது. சட்டப்படி மட்டும். 2023 ஏப்ரலில் ஓர் இடத்துக்கு நடந்த போட்டியில் கோடிக்கணக்கான டாலர் கொட்டப்பட்டது. வரைபடம் மோசடியானது என்று பிரசாரத்திலேயே சொன்ன ஜானெட் புரோட்டசேவிச் வென்றார். நீதிமன்றத்தில் பெரும்பான்மை லிபரல் பக்கம் மாறியது. அதே ஆண்டு டிசம்பர் 22இல் 4க்கு 3 என்ற தீர்ப்பில் வரைபடம் செல்லாது என்றானது. தீர்ப்பு நியாயத்தைப் பற்றிப் பேசும், ஓட்டுக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைப் பற்றிப் பேசும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். வழக்கு முடிந்தது தீவுகளால்.

தீவு என்றால் தண்ணீர் சூழ்ந்தது அல்ல. விஸ்கான்சினில் நகரங்கள் பக்கத்துக் கிராமப் பகுதியிலிருந்து துண்டு துண்டாக நிலத்தைத் தங்களோடு இணைத்துக்கொள்வது வழக்கம். இப்படிக் கடித்துக் கடித்து எடுத்ததில், கிராமத்தின் ஒரு துண்டு நகரத்துக்கு நடுவே தனியாக நிற்கும், நகரத்தின் ஒரு துண்டு கிராமத்து வயலுக்குள் கிடக்கும். தொகுதிகளும் அந்தத் துண்டுகளைத் தொடர்ந்தன. 99 கீழவைத் தொகுதிகளில் குறைந்தது 50, மேலவையின் 33இல் குறைந்தது 20 இப்படி மற்ற பகுதியோடு ஒட்டாத துண்டுகளைக் கொண்டிருந்தன. தொகுதி தொடர்ச்சியான நிலப்பரப்பாக இருக்க வேண்டும் என்று மாநில அரசியல் சட்டம் சொல்கிறது. தொடர்ச்சி என்றால் தொடர்ச்சிதான் என்றார்கள் நான்கு நீதிபதிகள். பல பத்தாண்டாக எந்த நீதிமன்றமும் பெரிதுபடுத்தாத விஷயம் இது என்றார்கள் மற்ற மூவரும் அவர்கள் பக்கத்தாரும். இரண்டு தரப்பும் சொன்னது சரிதான் என்பது என் எண்ணம்.

ஆக, ஷிபாய்கனை வெட்டியது தவறு என்று எந்த நீதிமன்றமும் கடைசி வரை தீர்மானமாகச் சொல்லவில்லை. ஒரு நிலத்துண்டு ஒட்டாமல் கிடந்தது தவறு என்றுதான் சொன்னது. அதைச் சொல்ல வைத்தது ஒரே ஒரு நீதிபதி மாறியது. அந்த நாற்காலிகளின் விலையும் ஏறிவிட்டது. 2025 ஏப்ரலில் அடுத்த நீதிபதி இடத்துக்கு நடந்த போட்டியில் செலவு சுமார் 10 கோடி டாலர். எலான் மஸ்க் நேரில் வந்து பத்து லட்சம் டாலர் காசோலைகளைக் கொடுத்தார். அவர் ஆதரித்தவர் தோற்றார். தொகுதிக் கோட்டைப் பிடிக்க நடந்த சண்டை, நீதிபதி இருக்கையைப் பிடிக்கும் சண்டையாக இடம் மாறியிருக்கிறது.

2024 பிப்ரவரி 19இல் எவர்ஸ் புதிய வரைபடத்தில் கையெழுத்திட்டார். நீதிமன்றமே வரைந்துவிட்டால் இன்னும் மோசமாகும் என்று பயந்து, குடியரசுக் கட்சியினரே அவருடைய வரைபடத்தை நிறைவேற்றிக் கொடுத்திருந்தார்கள். அந்த நவம்பரில் ட்ரம்ப் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் மாநிலத்தை வென்றார். கீழவை 64க்கு 35 என்பதிலிருந்து 54க்கு 45 ஆனது. மேலவை 22க்கு 11 என்பதிலிருந்து 18க்கு 15. இரண்டு அவையிலும் பெரும்பான்மை குடியரசுக் கட்சிக்குத்தான். கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிந்த மாநிலத்துக்குப் பொருத்தமான எண்கள் என்று சொல்லலாம்.

மற்ற இடங்களில் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. 2025இல் டெக்சாஸ், பத்தாண்டு முடியக் காத்திருக்காமல் நடுவிலேயே தன் நாடாளுமன்றத் தொகுதிகளைத் திருத்தி வரைந்தது. குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடுதலாக வர வேண்டும் என்ற குறிக்கோளை யாரும் ஒளிக்கவில்லை. கூட்டம் நடக்கவிடாமல் தடுக்க ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் பலர் மாநிலத்தை விட்டே கிளம்பிப் போனார்கள். போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று இல்லினாய்ஸ், கோணல்மாணலான தொகுதிகளுக்கு அதுவே ஒரு கண்காட்சி. பதிலுக்குக் கலிஃபோர்னியா, தான் பெருமையாக வைத்திருந்த குடிமக்கள் ஆணையத்தின் நாடாளுமன்ற வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, சட்டமன்றம் வரைந்த வரைபடத்தைச் சில தேர்தல்களுக்குப் பயன்படுத்த நவம்பரில் மக்களிடம் ஒப்புதல் கேட்டு வாங்கிக்கொண்டது.

ஷிபாய்கன் இப்போது மறுபடி ஒரே தொகுதி, அதே 26. 2024இல் அங்கே ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வென்றார். விஸ்கான்சினில் மாறியது வரைபடம் மட்டும்தான். கோட்டை யார் போடுவது என்ற சட்டம் மாறவில்லை. 2030 கணக்கெடுப்பு முடிந்ததும், 2031இல் அன்றைக்கு இருக்கும் சட்டமன்றமும் ஆளுநரும் அந்த ஊரின் வரைபடத்தை மறுபடி மேசையில் விரிப்பார்கள்.